பதினொரு கோளாறுகள்

தொம்!

கேப்டன் ஹால்வர் தன் கறுப்புத் தோல்பையை விமானியறைத் தரையில் இறக்கும் சத்தம் அது. பதினைந்து வருடமாகியும் சுன்னிவாவின் காதை விட்டுப் போகவில்லை.

பைக்குள் பன்னிரண்டு கிலோ காகிதம். வரைபடங்கள், அட்டவணைகள், மாதம் இரண்டு முறை தாள் மாற்ற வேண்டிய தடித்த கோப்புகள்.

“எல்லாம் டேப்லெட்டுக்குள்ளயே வந்தாச்சு. இன்னும் எதுக்கு இந்தப் பொணத்தைத் தூக்கிட்டு அலையறீங்க, ஹால்வர்?” என்பாள் சுன்னிவா.

“இந்தப் பொணத்துக்கு பேட்டரி தீராது” என்றபடி அவர் இடப்பக்க இருக்கையில் அமர்வார். வலப்பக்கம் துணை விமானியாக அவள். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

பூடா என்ற வடகடலோர நகரத்திலிருந்து தீவுகளுக்குப் போகும் சின்ன விமானம். ஓடுபாதையெல்லாம் கைக்குட்டை அகலம். கிளம்பும் முன் எடை, காற்று, குளிர் எல்லாவற்றையும் இருவரும் தனித்தனி டேப்லெட்டில் அடித்து, எந்த வேகத்தில் தரையை விட்டு எழும்புவது என்று கணக்கிட வேண்டும்.

ஹால்வர் மட்டும் கூடவே காகித அட்டவணையிலும் விரலை ஓட்டுவார். பிறகு கழுத்தை நீட்டி அவள் திரையை எட்டிப் பார்ப்பார்.

“உன் பெட்டிக்குக் கிறுக்குப் பிடிச்சிடுச்சு. அணைச்சுட்டு முதல்லேருந்து அடி.”

“நல்லாத்தானே இருக்கு?”

“அடின்னா அடி.”

எரிச்சலோடு எல்லாவற்றையும் மறுபடி அடிப்பாள். தரையிறங்கியதும் அவர் ஒரு படிவத்தை எடுத்து, கையால் மறைத்துக்கொண்டு ஏதோ எழுதுவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியில் பாதியை அவளிடம் நீட்டிக்கொண்டே கேட்பார்.

“பாப்பா ராத்திரி தூங்கினாளா?”

“ம்.”

“நீ தூங்கினியா?”

இதையெல்லாம் இவர் ஏன் கேட்கிறார்? ஒண்டியாய்க் குழந்தை வளர்ப்பவள் விமானம் ஓட்ட லாயக்கில்லை என்று யாரிடமாவது போய்ச் சொல்லவா? ரொட்டியைத் தின்னாமலே உறையில் சுற்றி வைத்துவிடுவாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் காகிதமும் டேப்லெட்டும் சேர்ந்தே பறந்தன. கோளாறு இல்லையென்றால் வசந்தத்தில் காகிதத்தை இறக்கிவிடுவதாக ஏற்பாடு. கோளாறுப் படிவங்களைத் தொகுக்கும் வேலை சுன்னிவாவுக்கு வந்தது.

மற்ற விமானிகள் எல்லோருமாகச் சேர்ந்து எழுதியது இரண்டு. ஒருவர் டேப்லெட்டில் காபியைக் கொட்டியிருந்தார். இன்னொருவர் மிதித்துவிட்டார்.

ஹால்வர் எழுதியது பதினொன்று. ‘கருவிக் கோளாறு. மறுபடி கணக்கிடப்பட்டது.’ அதே இரண்டு வரி.

தேதிகளைப் பார்த்தவளுக்குக் காது சூடேறியது. பதினொன்றும் அவளோடு பறந்த நாட்கள்.

‘அப்படியா சங்கதி? நான் பொறுப்பெடுத்த வேலையைக் கெடுத்து, என்னையும் சேர்த்து வெளியே தள்ளப் பார்க்கிறார்!’

நேரே தலைமை விமானி ஒட்வாரின் அறைக்குப் போனாள்.

“பொய் எழுதறார். ஒரு நாள்கூட என் டேப்லெட் கெடலை. நான் பக்கத்துலயே இருந்தவ.”

மறுநாள் ஹால்வரைக் கூப்பிட்டார்கள். பையோடுதான் வந்தார். தொம்.

“டேப்லெட் கெட்டுப்போச்சா, இல்லையா?” என்றார் ஒட்வார்.

ஹால்வர் சுன்னிவாவைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

“பதில் சொல்லுப்பா. ஒவ்வொரு தட்டலும் உள்ளே பதிவாகியிருக்கு. எடுத்துப் பார்க்கச் சொல்லட்டுமா?”

“வேண்டாம், வேண்டாம்!” நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “பதிவெல்லாம் எதுக்கு? கெடலை. நான்தான் பொய் எழுதினேன்.”

“ஏன்?”

“எனக்குக் காகிதம்தான் பிடிக்கும்.”

எப்படிப் பதறுகிறார் பார், திருடன், என்று நினைத்துக்கொண்டாள் சுன்னிவா.

பொய் அறிக்கை எழுதியவரைப் பறக்க விடமாட்டார்கள். ஐம்பத்தாறு வயதில் வேலை போயிற்று. வாசலில் அவளைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றார்.

“எடையை மட்டும் ரெண்டு தடவை பாரு” என்றார்.

போகிற போக்கிலும் புத்திமதி! அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வசந்தத்தில் காகிதம் இறங்கியது. சுன்னிவாவின் வேலை நிரந்தரமாயிற்று. ஆறு வருடத்தில் கேப்டனாகி, இடப்பக்க இருக்கைக்கும் மாறினாள்.

அதே வாரம், தூக்கியெறிவதற்காகப் பழைய டேப்லெட்டுகளிலிருந்த பதிவுகளை அழித்துக்கொண்டிருந்த கருவிப் பிரிவு பெரித் அவளைக் கூப்பிட்டாள்.

“ஏய், அந்தப் பதினொரு கோளாறு கதை ஞாபகம் இருக்கா? சும்மா பதிவைத் திறந்து பார்த்தேன்.”

“கெட்டிருந்துதா?”

“சேச்சே, டேப்லெட் தங்கம். ஆனா எடையைத் தப்பா அடிச்சிருக்காங்க. பதினொரு நாளும். ஒரு நாள் முழுசா ஆயிரம் கிலோ குறைச்சல். அப்படியே கிளப்பியிருந்தா நேரே கடல்தான். உடனே அணைச்சுட்டு மறுபடி சரியா அடிச்சிருக்கு.”

“ஹால்வரா?”

“அவரோடது இடப்பக்கம். அது ஒவ்வொரு நாளும் சரி. இது வலப்பக்கத்து டேப்லெட்.” பெரித் திரையைத் துடைத்தபடியே கேட்டாள். “வலப்பக்கம் அப்போ யாரு உட்கார்ந்திருந்தா?”

சுன்னிவா டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பி, எடையை இரண்டு தடவை பார்த்தாள்.

ஹால்வர் அதற்குள் மோஸ்கெனஸ் படகுத்துறையில் வேலைக்குச் சேர்ந்து, மஞ்சள் சட்டையோடு மழையில் நின்று, கார்களைப் படகில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெறும்வரை அதுதான் அவர் வேலை.