தூக்கிய கால்

பாகம் பிரித்தபோது துப்பாக்கியோடு இளம் வேட்டைநாயையும் அண்ணன் எடுத்துக்கொண்டான். அதைக் கௌதாரி வேட்டைக்குப் பழக்கிய தம்பி செங்கோடன், பாயவிடும் சொல்லை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. இன்று புதருக்கு எதிரே நாய் முன்னங்காலைத் தூக்கியபடி நட்ட கல்லாக நின்றது.

"புடி! போ! தாவு!" அண்ணன் கத்திப் பார்த்தான். அது அசையவில்லை. வரப்பில் நின்று பார்த்த செங்கோடனுக்கு வயிறு குளிர்ந்தது.

அண்ணன் துப்பாக்கியை நாயின் நெற்றியில் வைத்தான். "அந்தச் சொல்லச் சொல்றயா, இல்ல சுட்டுப்போடட்டுமா?"

"உன்ற நாய்தான? சுடு."

கௌதாரி படபடவென்று எழுந்து பறந்தது. அண்ணன் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. கால் நடுங்கினால் அடி என்று பழக்கியவன் செங்கோடன். தூக்கிய கால் நடுங்கவில்லை. நாய் கண்ணை மட்டும் அவன் பக்கம் திருப்பியது.