ஞாயிற்றுக்கிழமை முயல்

"ஏ வெனெரா, இந்த ஞாயித்துக்கிழமையும் முயல்தானா?"

மாடி வீட்டு பிலோமேனா பால்கனியில் குனிந்து நின்று இப்படிக் கேட்டது கிறிஸ்துமஸ் கழிந்த வாரம். கீழ்வீட்டு வெனெரா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு சந்தில் யாரும் கேட்கவில்லை. பூசை முடிந்து படியேறும்போதே பூண்டும் வினிகரும் ஓரிகானோ இலையும் எண்ணெயில் பொரிகிற மணம் வந்துவிடும். அந்த ஊரில் முயலை வேறு மாதிரி சமைப்பதில்லை. புருஷன் பெல்ஜியத்தில் நிலக்கரி வெட்டுகிறான், வாராவாரம் கறி வேகிறது, நல்ல குடும்பம் என்று பேசிக்கொண்டார்கள். பிலோமேனா தன் மகனுக்கு வெனெராவின் மகள் தீனாவைக் கேட்டதே அந்த மணத்தை நம்பித்தான் என்று ஒரு கேலியும் உண்டு. ஈஸ்டர் முடிந்ததும் நிச்சயதார்த்தம்.

வினை வேறு பக்கமிருந்து வந்தது.

வெனெராவின் தம்பி வான்னி, ஊர் நிலப்பிரபுவின் மலையில் ஆட்டுப்பட்டி வேலைக்காரன். பாலை உறையவைத்து, கோரைக்கூடையில் அழுத்தி, உப்புத் தேய்த்துப் பாலாடைக்கட்டி செய்கிறவன். கட்டி எடுத்த தண்ணீரை மறுபடி காய்ச்சித் திரட்டுகிற ரிக்கோட்டாவை, சனிக்கிழமைதோறும் துணி மூடிய கூடையில் அக்காவுக்குக் கொண்டுவந்து கொடுப்பான். அந்த வருடம் மலையில் முயல் குறைந்தது. கூடையையும் மணத்தையும் முடிச்சுப்போட்டு மலைக் காவல்காரர் ஜெர்லாந்தோவின் காதில் யாரோ ஓதிவிட்டார்கள். பிரபுவின் மலையில் கண்ணி வைத்தவனுக்குப் பட்டியில் வேலை இருக்காது. நேரே சிறைதான்.

தவக்காலத்துக்கு முந்தின கார்னிவல் ஞாயிறன்று பூசை முடிந்த கையோடு ஜெர்லாந்தோ வந்தார். வான்னியைத் தோளைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார்.

"கூடையில என்னடா கொண்டுவருவே?"

"ரிக்கோட்டா."

"மேல ரிக்கோட்டா. அடியில?"

வான்னி அக்காவைப் பார்த்தான். அவள் லேசாகத் தலையசைத்தாள், சொல்லாதே என்பதுபோல. அவன் தொப்பியைக் கையில் கசக்கினான்.

ஜெர்லாந்தோ மூக்கை உயர்த்தினார். மணம் வாசலைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

"அடுப்புல இருக்கிற சட்டியை நான் பார்க்கணும்மா."

"அடுத்தவங்க வீட்டுச் சட்டியைத் திறந்து பார்க்கிறது எந்த ஊரு வழக்கம்?"

"திருட்டுச் சட்டின்னா, அது எல்லா ஊரு வழக்கமும்தான்."

கூடிவிட்ட கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிலோமேனா படியில் பாதி இறங்கி நின்று சம்பந்திக்காகச் சண்டைக்கு வந்தாள்.

"காட்டு முயல் என்ன, பிரபு பெத்துப் போட்டதா? கறி திங்கிற குடும்பம், திங்கிறாங்க. வக்கில்லாதவ எவளோ வயித்தெரிச்சல்ல கோள் சொல்லியிருக்கா."

அதைக் கேட்டதும் வெனெரா கதவுக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டாள். அவளிடம் தப்பு இல்லையென்றால் திறந்து காட்ட என்ன தயக்கம் என்று கூட்டத்திலேயே முணுமுணுப்புக் கிளம்பியது.

"தம்பிக்கு ஜெயிலா, இல்ல சட்டி மூடியைத் திறக்கறியா? நீயே சொல்லிடும்மா," என்றார் ஜெர்லாந்தோ.

வெனெரா தம்பியைப் பார்த்தாள். பிறகு ஜன்னலோரம் நின்ற தீனாவைப் பார்த்தாள்.

"நீங்க மட்டும் வாங்க. உள்ள வந்ததும் கதவைச் சாத்திடுவேன்."

அந்தச் சமையலறைக்குள் சந்துக்காரர்கள் யாரும் வந்து ஐந்தாறு மாதம் இருக்கும். சுவரில் செப்புப் பாத்திரம் மாட்டும் ஆணிகள் வரிசையாக இருந்தன, பாத்திரம் ஒன்றுகூட இல்லை. மாவுப் பெட்டியின் அடிப்பலகை தெரிந்தது. ஜெர்லாந்தோ துணியைச் சுற்றிப் பிடித்துச் சட்டி மூடியைத் தூக்கினார்.

பூண்டும் வினிகரும் ஓரிகானோவும் கொதிக்கிற எண்ணெயில், விளிம்பில் கோரைக்கூடையின் பின்னல் தடம் பதிந்த ஆட்டுப் பாலாடைக்கட்டி மூன்று துண்டுகள் பொன்னிறமாகிக்கொண்டிருந்தன. கறி என்று ஒரு எலும்புத் துணுக்குகூட இல்லை.

அடுப்பு எரிகிற நேரத்தில் வந்தவரைச் சும்மா அனுப்பக்கூடாது என்று வெனெரா காய்ந்த ரொட்டியில் ஒரு துண்டை வைத்து நீட்டினாள். அவர் நின்றுகொண்டே தின்றார்.

கதவு திறந்ததும் பிலோமேனா முந்திக்கொண்டு கேட்டாள்:

"என்ன, முயல்தானே?"

ஜெர்லாந்தோ வான்னியின் கையிலிருந்த தொப்பியை வாங்கி, அவன் தலையிலேயே வைத்தார். மீசையில் மணத்த வினிகரைப் புறங்கையால் துடைத்தபடி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் சந்தில் இறங்கிப் போனார்.