ஊதா விளிம்பு

கொக்கின் இறக்கையில் மறுபடியும் அந்தக் கோடு.

மெல்லிய ஊதா. வெள்ளை முடிந்து கருவேலமரத்தின் இருட்டு தொடங்கும் இடத்தில், யாரோ பென்சிலால் இழுத்துவிட்டதைப் போல.

அவர் பைனாகுலரை இறக்கினார். துடைத்தார். பார்த்தார்.

இருந்தது.

ஆறு வருடமாக இதே பைனாகுலரில் கொக்கு பார்க்கிறார். ஒருநாளும் விளிம்பில் இப்படி நிறம் பிரிந்ததில்லை. மட்டமான லென்ஸில்தான் பிரியும்.

அப்படியானால் இந்தப் பைனாகுலர் அவருடையது இல்லை.

நாலடி தள்ளிக் குளத்துக் கரையில் தாவீது குந்தியிருந்தார். பறவைக் கணக்கெடுப்பில் அவருடைய கூட்டாளி. இருவரும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி பைனாகுலர் வாங்கியவர்கள். கறுப்பு உடல், கறுப்பு வார். வேறு அடையாளம் கிடையாது.

இவருக்கு வலது கண்ணில் புரை எடுத்த பிறகு நாற்பது நாள் வெளியே அலையக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். மழைக்காலம். சும்மா கிடந்தால் லென்ஸில் பூசணம் பிடிக்கும் என்று தாவீதுதான் வீட்டுக்கு வந்து, பைனாகுலரைக் கேட்டு வாங்கிப்போனார்.

கேட்டு வாங்கிப்போனார்.

அதுதான், பைனாகுலர் திரும்பி வந்த இந்த மூன்று நாளாக அவருக்குள் புரண்டுகொண்டிருந்தது. நானாகக் கொடுக்கவில்லையே. காலையில் கோயிலில் கண்ணை மூடி நின்றபோதுகூடச் சாமி தெரியவில்லை. பையை வாங்கிக்கொண்ட தாவீதின் கைதான் தெரிந்தது.

மாற்றியிருந்தால் இன்றோடு சரி. பதினாறு வருடப் பழக்கம் என்றெல்லாம் பார்க்கப் போவதில்லை. நாளைக்கு அடுத்த குளத்துக்கு வேறு ஆளோடு போய்க்கொள்ளலாம்.

“ஒம்ம பைனாகுலரக் கொஞ்சம் கொடும். பாப்போம்.”

சாதாரணமாகக் கேட்கத்தான் நினைத்தார். குரல் கட்டையாக வந்தது.

தாவீது வாரைக் கழுத்திலிருந்து கழற்றி நீட்டினார். தயங்கவில்லை. தயங்காததே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

அதே கொக்கு. அதே இறக்கை.

அதே ஊதா.

இதிலுமா?

ஒன்றை வைத்தார், மற்றொன்றை எடுத்தார். அதை வைத்தார், இதை எடுத்தார். ஒன்றில் கூட, ஒன்றில் குறைய என்று ஏதாவது அகப்படாதா என்று தேடினார். கொக்கு பொறுமையாக நின்று கொடுத்தது.

வெயில் ஏறி வலது கண் கூசியது. மூடிக்கொண்டார்.

கோடு போய்விட்டது.

இன்னும் புரை எடுக்காத இடது கண்ணை அந்தக் குழாயிலும் இந்தக் குழாயிலும் வைத்துப் பார்த்தார். கொக்கு சற்றே மங்கலாக, பழுப்பாக, கோடில்லாமல் நின்றது. வலது கண்ணை வைத்தார்.

ஊதா.

ஆறு வருடமும் இருந்திருக்கிறது. புரையின் மஞ்சள் அதை மூடி வைத்திருக்கிறது. கண் தெளிந்த பிறகு தெரிகிறது, அவ்வளவுதான்.

இரண்டையும் துண்டின் மேல் மெதுவாக வைத்தார். எது யாருடையது என்று இப்போது அவருக்கே தெரியவில்லை.

“என்ன அண்ணாச்சி, பூசணம் ஏதும் விழுந்திருக்கா?” தாவீது எழுந்து வந்தார். “வெயில் அடிச்ச நேரமெல்லாம் வெளிய வச்சனே. காக்கா கொத்திரும்னு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். வீட்டுல ஒரே சிரிப்பு. வடகத்துக்குக்கூட இந்த மனுசன் இப்படிக் காவல் இருந்ததில்லன்னு.”

“ஒண்ணுமில்ல வேய்.”

சொல்ல வேண்டியது அதற்கு மேலும் இருந்தது. துண்டின் மடிப்பை நீவிவிட்டார்.

தாவீது குனிந்தார். கைக்கு எட்டியதை எடுத்தார். எதை எடுத்தோம் என்று பார்க்கக்கூட இல்லை.

“பாத்து எடும். மாறிரப் போவுது.”

“மாறுனா என்ன அண்ணாச்சி?”

சொல்லிக்கொண்டே தாவீது குளத்தின் பக்கம் திரும்பிவிட்டார். உதடு மட்டும் அசைந்தது. நாமக்கோழி ஒன்பது, பத்து, பதினொன்று.

மற்றது துண்டின் மேல் கிடந்தது.

வெகுநேரம் கழித்துத்தான் அவர் அதைத் தொட்டார்.