துரையின் இருமல்

கடல் நடுவே கையகலத் தீவு ஒன்று. காலையில் நடக்கத் தொடங்கினால் பசிப்பதற்குள் சுற்றி வந்துவிடலாம். அதற்குப் போய் மூன்று நாட்டுக் கப்பல்காரர்கள் அடித்துக்கொண்டார்கள்! முதலில் வந்தவன் பாய்மரத்துக்காகப் புன்னைகளை வெட்டினான். அவனைத் துரத்தியவன் கோட்டைக் கதவுக்காக வெட்டினான். மூன்றாவதாக வந்த துரைக்குக் கொடிக்கம்பம் வேண்டுமாம். மிச்சமிருந்ததோ ஒரே புன்னை. அதில்தான் சொக்கி மைனாவின் மூன்று முட்டைகள்.

"ஐயோ அக்கா, கோடாலி வருது!" என்று கீழிருந்து அலறியது நண்டு.

"பதறாதடா தம்பி" என்றது சொக்கி. துரையின் குரல், இருமல் உட்பட, அதற்கு அத்துப்படி. "கொஹ்... கொஹ்! எதிரி வரான்! கோடாலியைப் போட்டுட்டுக் கப்பல்ல ஏறுங்கடா!"

சிப்பாய்கள் விழுந்தடித்து ஓடினார்கள். "நான் எப்போடா சொன்னேன்?" என்று கத்திய துரையையும் குண்டுக்கட்டாகத் தூக்கிக் கப்பலில் போட்டார்கள். கப்பல் போயே போய்விட்டது!

"அக்கா, இனி தீவு நம்மளது!" நண்டு குட்டிக்கரணம் போட்டது, அதுவும் பக்கவாட்டில்.

முட்டை பொரிந்த அன்று, குஞ்சுகளைப் பார்க்க நண்டு ஆசையாக மரத்தடிக்கு வந்தது.

"கொஹ்... கொஹ்! எவன்டா அது, என் தீவுல, என்னைக் கேட்காம?"

நண்டு திடுக்கிட்டுக் கடலைப் பார்த்தது. கப்பல் எதுவும் இல்லை.

"சும்மா விளையாட்டுக்குடா" என்று சிரித்தது சொக்கி.

கூட்டுக்குள்ளிருந்து மூன்று குஞ்சுகளும் தலையை நீட்டி, நண்டைப் பார்த்து, ஒன்றாக இருமின.