அறுபத்து மூன்றாவது லெவல்

“இது ஆபரேஷனுக்கு மூணாவது தேதிப்பா. இதையும் வேண்டாம்னீங்கன்னா, இனிமே நான் அந்த ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டேன்.”

ஜெயராணி தோள் பையைக்கூட இறக்கவில்லை. போர்ட் பிளேரின் டெலானிபூர் மேட்டில் ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. தம்பையா ஜன்னலோரம் உட்கார்ந்து, போனை மூக்கருகே பிடித்து, ஒரே மாதிரிப் பழங்களை மூன்று மூன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் ஏறக்குறைய மூடிவிட்டது.

“ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லல புள்ள. அதுக்கப்புறம் பதினஞ்சு நாளு மொபைல் பந்த்னு டாக்டர் சொன்னாரே, அதுதான் முடியாது.”

“எழுபத்தொரு வயசுல பழம் சேர்க்காட்டி என்ன ஆயிடும்?”

“ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம் போதும்.”

“அதுலயாவது ஜெயிக்கிறீங்களா? எட்டு மாசமா அறுபத்து மூணுலயே கிடக்கீங்க. எங்க ஆபீஸ் பெங்காலி தீதி நானூறைத் தாண்டிட்டா. கண்ணு தெரிஞ்சாத்தானே ஜெயிக்க முடியும்?”

அவர் அந்த ஆட்டத்திலும் தோற்றார். “உயிர் தீந்துபோச்சு” என்று முணுமுணுத்து, திரையில் இருந்த இதயத்தை அழுத்தி உயிர் கேட்டுவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

புரை முற்றி வலது கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டால் பார்வை திரும்ப வராது என்று டாக்டர் சொன்னது ஜெயராணியின் காதில் ஒலித்தது. சோர்ந்துபோய் அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“சரி. அந்தப் பதினஞ்சு நாளும் உங்களுக்குப் பதிலா நான் ஆடறேன். டீக் ஹை?”

தம்பையா மடியிலிருந்த போனை எடுத்துத் துடைத்தார்.

“தினமும்?”

“தினமும்.”

“அப்ப திங்கக்கிழமை போவோம்.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புதன்கிழமை காலையில், கண்ணுக்கு மேல் மூடி ஒட்டியபடி படுத்திருந்தவர், தேத்தண்ணி கொண்டுவந்த மகளிடம் முதலில் கேட்டது அதைத்தான்.

“ஆடுனியா?”

“நேத்துத் தோத்தேன். இன்னைக்கு எந்திரிச்சதும் ஆடி ஜெயிச்சுட்டேன். அறுபத்து நாலுக்குப் போயாச்சு.”

அவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

“உன்னை யாரு ஜெயிக்கச் சொன்னா?”

“என்னப்பா இது?”

“ஆடவே தெரியாதவ, தோத்துக்கிட்டே இருப்பேன்னு நெனச்சேன். அறுபத்து மூணுல, என் படத்துக்குப் பக்கத்துல இன்னொரு படம் இருக்கும். பாரு.”

ஜெயராணி பார்த்தாள். அப்பாவின் படம் மேலே போயிருந்தது. கீழே, தனியாக ஒரு ரப்பர் மரத்தின் படம்.

“யாரு இது?”

“கச்சால் ரப்பர் தோட்டத்துல இருக்கிற உன் சித்தப்பன். பழனியாண்டி.”

தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். சுனாமிக்குப் பிறகு அப்பா கச்சால் தீவை விட்டுக் குடும்பத்தோடு போர்ட் பிளேருக்கு வந்துவிட்டார். சித்தப்பா வரவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அண்ணன் தம்பிக்குள் பேச்சே கிடையாது. அந்தப் பெயரையே அப்பா வாயால் அவள் கேட்டதில்லை.

“அவன் நம்பர் போன்ல சும்மா கிடந்துச்சு. இந்த விளையாட்டே தேடிப் புடிச்சுக் காட்டிச்சு. அவன் மெதுவா ஏறி அறுபத்து மூணுக்கு வரட்டும்னு நின்னேன். வந்தான். அதுக்கப்புறம் நான் நகரல. நான் தோத்து உயிர் கேப்பேன், அவன் அனுப்புவான். அவன் கேட்டா நான் அனுப்புவேன். அவனுக்கு அந்த லெவல் ஏற மாட்டேங்குது, பாவம். இப்ப அண்ணன் மறுபடியும் விட்டுட்டுப் போயிட்டான்னுதானே நெனப்பான்?”

பின்னால் போக வழி இருக்கிறதா என்று ஜெயராணி திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். இல்லை.

போன் மெல்ல ஒலித்தது.

“அப்பா, அறுபத்து மூணுல யாரும் இல்ல.”

“போயிட்டானா?”

“இல்லப்பா. உங்க பக்கத்துல நிக்கிறாரு.”

மாதக்கணக்கில் ஏற முடியாமல் கிடந்த லெவலைப் பழனியாண்டி, அண்ணன் நகர்ந்த அரை மணி நேரத்தில் ஏறி வந்திருந்தார்.