ஓலைப்பைத் தலை

“வரையற கைய முறிச்சிராதடா, அப்புறம் எதால சோறு திம்பான்!” என்று இளித்தபடி ஒரு காவலாள் ஓவியன் லிசாண்ட்ரோவைச் சுவரோடு அழுத்தினான். இன்னொருவன் விட்ட குத்தில் உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

அரிசி ஆலை முதலாளி டான் ஹெர்மோகெனஸ் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. எதிரே சாய்த்து வைத்திருந்த படத்தையே வெறித்துக்கொண்டிருந்தார்.

பிலிப்பைன்ஸ் சரித்திரத்தைப் பன்னிரண்டு படமாக வரைய வேண்டும். அதற்குக் காசு தர அவரை விட்டால் அந்த ஊரில் ஆளில்லை. பிழைப்புக்கு இருந்த ஜீப்னி வண்டியையும் விற்றுத்தான் லிசாண்ட்ரோ இந்த முதல் படத்தை முடித்திருந்தான்.

படத்தில் போர்க்காலத்துச் சந்தைத் திடல். ஊர் ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட ஓலைப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, காட்டிக்கொடுக்கிறவன் விரல் நீட்டுகிறான். அந்த விரலுக்கு நேரே, ஜப்பான்காரன் வாளுக்குக் கீழே, முதலாளியின் அண்ணன் செல்சோ மண்டியிட்டிருக்கிறார்.

அண்ணனைப் பார்த்தால் முதலாளி மனசு இளகும் என்று நம்பி வந்தான். பார்த்ததும் அவர் சொன்னது, “அடிங்கடா இவனை.”

“மன்னிச்சிருங்க ஐயா. உங்க அண்ணன ஊரு மறக்கக் கூடாதுன்னுதான்...”

“ஊரு என்னத்தக் கண்டுச்சு? ஓட்டைய இம்மாம் பெருசா போட்டிருக்க. சுண்டுவிரல் நுழையாதுடா அதுல. எதிர்ல நிக்கறவன் மூஞ்சி எங்க தெரியும்? நெஞ்சும் சட்டையுந்தான் தெரியும்.”

“மாத்திடறேன் ஐயா.”

“சட்டையும் தப்பு. அன்னிக்கு அண்ணன் போட்டிருந்தது செவப்புக் கோடு போட்ட சட்டை. வரப்புச் சண்டையில என் மண்டைய ஒடைச்சானே நார்சோ, அவன்கிட்ட இரவல் வாங்கினது.”

சொல்லிக்கொண்டே சுவரில் தொங்கிய போலோ கத்தியை உருவினார். லிசாண்ட்ரோ கண்ணை இறுக மூடிக்கொண்டான். சதக் சதக்கென்று நாலு குத்து.

வலிக்கவில்லை. கண்ணைத் திறந்தால், படத்தில் ஓலைப்பை இருந்த இடம் கிழிந்து தொங்கியது. முதலாளி மூச்சு வாங்க நின்றார்.

“விடுங்கடா அவனை. பன்னெண்டு படத்துக்கும் நான் காசு தர்றேன். இதைத் திரும்ப வரை. பை வேணாம், மூஞ்சி போடு.”

“யாரு மூஞ்சி ஐயா?”

கத்தி கீழே விழுந்தது.

“என் மூஞ்சிடா. நார்சோன்னு நெனச்சுட்டேன்.”