நாற்பத்திரண்டாவது சாவு

நாற்பத்தொரு படங்களில் செத்துவிட்ட துணை நடிகர் துரைக்கண்ணுவுக்கு ஒரே ஆசை: ஒரு படத்திலாவது கடைசிவரை உயிரோடு இருந்து மகளுக்குக் காட்ட வேண்டும். இந்தக் கௌபாய் படத்திலும் குதிரைத் திருடன் என்று தூக்குதான். குதிரையோ கடற்கரைச் சவாரிக் குதிரை. இருநூறு அடி ஓடியதும் தானாகத் திரும்பிவிடும். ஃபிலிமும் ஒரே ஒரு ஷாட்டுக்குத்தான் மிச்சம். படப்பிடிப்பு நடந்த கல்குவாரியின் ஆட்களுக்கு முண்டாசை அவிழ்த்து அட்டைத் தொப்பி மாட்டி ஊர்மக்களாக்கியிருந்தார்கள்.

கழுத்தில் கயிறு ஏறியதும் மகள் நினைவு வந்து துரைக்கண்ணுவுக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

"இவனைத் தொங்கவிடலாமா?" என்று ஷெரீப் கர்ஜித்தார்.

"தொங்கவிடு!" என்று கத்த வேண்டிய கூட்டம் வாயைத் திறக்கவில்லை. ஒரு தொப்பிக்கு அடியிலிருந்து பெண்குரல் வந்தது. "திருடுற மூஞ்சியாய்யா இது? அவுத்து விடு அந்த அண்ணன!"

"அவுத்து விடு!" என்று குவாரியே அதிர்ந்தது. சிலர் கையில் கல் இருந்தது. ஷெரீப் அவசரமாகக் கயிற்றை அவிழ்த்தார். அத்தோடு ஃபிலிம் தீர்ந்தது.

டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "இனி ஒன்னைக் கொல்ல வழியில்லய்யா, போ."

துரைக்கண்ணு குதிரையேறிச் சூரியனை நோக்கிக் கம்பீரமாகப் போனார். கூட்டம் விசிலடித்தது. இருநூறு அடியில் குதிரை அவரைத் திருப்பிக் கொண்டுவந்தது. கூட்டம் மறுபடியும் விசிலடித்தது.